ஆர்.ஐ.எம்.பி. - ஒரு தகரப் பலகையின் கதை

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. மன்னிச்சுக்குங்க மக்களே. பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கணும்னு அம்மா பரண் மேல ஏத்தி விட்டதில் சிக்கியது ஒரு தகரப் பலகை. பச்சை பெயிண்ட் பாதி உரிஞ்சு போய், தாத்தா பேரு பாதி அழிஞ்சு, பேருக்குப் பின்னாடி மட்டும் பளிச்சுன்னு நாலு எழுத்து: ஆர்.ஐ.எம்.பி.

மண்ணூர்பேட்டையில் இருக்கிற எங்க வீட்டுத் திண்ணைக்கு மேல முப்பது வருஷத்துக்கும் மேல தொங்கின பலகை அது. தாத்தா நாட்டு வைத்தியர். பூர்வீகம் திருவள்ளூர் பக்கம். அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் வந்து, ஊர் பூரா லேத்தும் பிரஸ்ஸுமா மாறினப்போ அவரும் பெட்டியைக் கட்டிட்டு இங்க வந்துட்டார். காலையில் ஷிப்டுக்குப் போறவங்க கஷாயப் பொடி வாங்கிட்டுப் போவாங்க, சாயங்காலம் திரும்பி வர்றவங்க முதுகுக்குத் தைலம் போட்டுட்டுப் போவாங்க. அவர் சாகும்போது எனக்குப் பத்து வயசு. எனக்கு ஞாபகம் இருக்கிறது சுக்கு வாசனையும் அவரோட குத்துக்கல்லு மாதிரி விரலும்தான்.

பலகையோட சேர்ந்து ஒரு பழைய சான்றிதழும், அட்டை கிழிஞ்ச ஒரு நோட்டும் கிடைச்சது. நோட்டைப் பத்தி கடைசியில் சொல்றேன். முதல்ல அந்த நாலு எழுத்து. விரிச்சு எழுதினா 'பதிவு பெற்ற இந்திய மருத்துவர்'. சரி, பதிவு பண்ணிட்டாங்க. பண்ணி? இவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? ஊசி போடலாமா? எலும்பு கட்டலாமா? பிரசவம் பார்க்கலாமா? சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரி இல்ல. நாம எழுதுற சாப்ட்வேர்ல ஒரு யூசரை உருவாக்கினா அவனுக்கு என்னென்ன பெர்மிஷன்னு ஒரு பட்டியல் இருக்கும்ல? இங்க யூசர் இருக்கார், பெர்மிஷன் பட்டியலைக் காணோம். அது ஏன்னு தேடப் போய்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

* * *

கொசுவத்தியை 1914க்குச் சுத்துவோம். அந்த வருஷம் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. இங்கிலீஷ் மருத்துவம் படிச்சவங்களுக்கு ஒரு பதிவேடு, அவங்களைக் கண்காணிக்க ஒரு கவுன்சில். நாட்டு வைத்தியர்களை இந்தச் சட்டம் தடை பண்ணல. ஆனா பதிவேட்டுக்கு வெளியே நிறுத்திடுச்சு. பதிவேட்டில் இருக்கிற டாக்டர் வெளியில் இருக்கிறவரோட சேர்ந்து தொழில் பண்ணினா அவர் பேருக்கே ஆபத்து. பம்பாயில் ஆயுர்வேதக் கல்லூரியோட தொடர்பு வைச்சிருந்த ஒரு டாக்டரையே பதிவேட்டில் இருந்து தூக்கின கதை அந்த நாளில் நாடு முழுக்க அடிபட்டது.

அடுத்த அடி 1918ல் ஆரம்பிச்சது. நாட்டு மருந்துகளை ஆராய்ந்து சொல்லுங்கன்னு டாக்டர் கோமன் என்பவரை சென்னை அரசு நியமிச்சது. அவர் சில மருந்துகள் பரவாயில்லைன்னு சொன்னாலும், வைத்திய முறையே விஞ்ஞானத்துக்கு ஒத்து வராததுங்கிற ரீதியில் எழுதிட்டார். வைத்தியர்கள் கொதிச்சுப் போய் 1921ல் மறுப்பு அறிக்கையே போட்டாங்க. (இன்னிக்கு நாம எதிர்ப்பதிவு போடுறோம்ல, அதே கதைதான்!)

அந்தச் சூட்டில் பிறந்ததுதான் உஸ்மான் கமிட்டி. 1921, பனகல் அரசர் முதலமைச்சரா இருந்த நீதிக்கட்சி ஆட்சி. தலைவர் முகமது உஸ்மான், செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. இந்த ரெண்டாவது ஆள் சுவாரசியமானவர். இங்கிலீஷ் மருத்துவம் படிச்சு, ராணுவத்தில் வேலை பார்த்துட்டு, சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூணுக்கும் வக்காலத்து வாங்கினவர். கமிட்டி தமிழ், சமஸ்கிருதம்னு பல மொழிகளில் வைத்தியர்களோட எழுத்து சாட்சியத்தை வாங்கி, 1923ல் அறிக்கை கொடுத்தது. சாராம்சம் ரெண்டு: கல்லூரி வைங்க, பதிவேடு வைங்க.

கல்லூரி வந்தது. 1925ல் கீழ்ப்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி. சீனிவாசமூர்த்திதான் முதல் முதல்வர். நாடி பார்க்கவும் கத்துக் கொடுத்தாங்க, உடற்கூறியலும் கத்துக் கொடுத்தாங்க. படிச்சு வெளிய வந்தவங்களுக்கு எல்.ஐ.எம். பட்டயம்.

பதிவேடு வர இன்னும் சில வருஷம் ஆச்சு. முப்பதுகளில் இந்திய மருத்துவ மத்திய வாரியம்னு ஒண்ணு சென்னையில் உருவாச்சு. கல்லூரிப் படிப்பு இல்லாதவங்களும் அனுபவத்தைக் காட்டிப் பதிஞ்சுக்கலாம், இஷ்டம் இருந்தா பதியலாம். எங்க தாத்தா அந்த வழியில் ஐம்பதுகளில் பதிஞ்சவர். அவங்க அப்பா வைத்தியர், இவர் அவர்கிட்ட மருந்து இடிச்சுக் கத்துக்கிட்டவர். படிப்பு அஞ்சாங் கிளாஸ்.

இந்த இடத்தைக் கவனிங்க. 'நாங்களும் வைத்தியர்தான்'னு நிரூபிக்கிறதுதான் நாப்பது வருஷப் போராட்டமும். யார் வைத்தியர்ங்கிற கேள்விக்குப் பதில் வாங்கவே உயிர் போச்சு. வைத்தியர் எங்க நிறுத்தணும்ங்கிற கேள்வியை யாரும் பெருசா கேட்கல. கேட்டா 'உன்னால முடியாது'ன்னு சொல்ற மாதிரி ஆகிடும்ல?

* * *

கீழ்ப்பாக்கம் கல்லூரிக்கு என்ன ஆச்சு? ரெண்டு மருத்துவத்தையும் கலந்து படிச்ச மாணவர்களுக்கு நாளாக நாளாக ஊசி, ஸ்டெதாஸ்கோப் பக்கம்தான் ஈர்ப்பு. பேரு ஒருங்கிணைந்த மருத்துவக் கல்லூரின்னு மாறி, கடைசியில் 1960ல் முழு எம்.பி.பி.எஸ். கல்லூரி ஆகிடுச்சு. ஆமாங்க, இன்னிக்கு நாம கே.எம்.சி.ன்னு சொல்ற கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரிதான் அது. சித்த மருத்துவத்துக்காகவும் கட்டின வீட்டில் சித்தமே வாடகைக்குக் கூட இல்ல. நாலு வருஷம் கழிச்சு, 1964ல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி வந்தது. 1970ல் அரும்பாக்கத்தில் இந்திய மருத்துவத்துக்குத் தனி அரசு ஆஸ்பத்திரி வந்தது.

அதே 1970ல் டெல்லியில் இந்திய மருத்துவ மத்தியக் கவுன்சில் சட்டம். இனி படிச்சுப் பட்டம் வாங்கினவங்கதான் வைத்தியம் பார்க்கலாம். ஏற்கெனவே மாநிலப் பதிவேட்டில் இருக்கிறவங்க உரிமை போகாது. பதிவேடே இல்லாத மாநிலத்தில் அஞ்சு வருஷம் தொழில் பண்ணினவங்களுக்கும் பாதுகாப்பு உண்டு. அதாவது தாத்தா தப்பிச்சார், ஆனா அவருக்கு அப்புறம் அந்த வழி மூடியாச்சு. எங்க அப்பா மருந்து இடிக்கக் கத்துக்கிட்டிருந்தாலும் பலகை மாட்ட முடியாது. (கத்துக்கல. எஸ்டேட்ல டர்னரா சேர்ந்துட்டார்.)

அந்தச் சட்டத்தில் 'இந்திய மருத்துவம்'னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. அஷ்டாங்க ஆயுர்வேதம், சித்தம், யுனானி. இவற்றோட கவுன்சில் அறிவிக்கிற நவீன முன்னேற்றங்கள் சேர்ந்திருந்தாலும் சரி, சேராவிட்டாலும் சரி. இந்தக் கடைசித் துண்டைக் கட்டிக்கிட்டு அம்பது வருஷமா கோர்ட்டுப் படி ஏறி இறங்கியாச்சு. நவீன முன்னேற்றம்னா எக்ஸ்ரே மட்டுமா? ஆன்டிபயாடிக்குமா? கத்தியுமா?

ரெண்டு தீர்ப்புகள் முக்கியம்.

1996ல் உச்ச நீதிமன்றம். பம்பாய்ப் பக்கம் ஒரு ஹோமியோபதி டாக்டர் காய்ச்சல்காரர் ஒருத்தருக்கு அலோபதி மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தார். நோயாளி இறந்துட்டார். தனக்குத் தெரியாத, தகுதி பெறாத முறையில் வைத்தியம் பார்க்கிறதே அலட்சியம்தான், வேற நிரூபணம் வேண்டாம்னு சொல்லி 3 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னாங்க.

1998ல் முக்தியார் சந்த் வழக்கு. சித்தம், ஆயுர்வேதம் படிச்சவங்க எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. மாதிரி நவீன வசதிகளைப் பயன்படுத்திக்கலாம். ஆனா அலோபதி மருந்து எழுதணும்னா அதுக்கு அந்தந்த மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கணும். பந்து மாநிலத்துக்கு வந்தது.

தமிழ்நாட்டில் 1997லயே சித்த மருத்துவர்களைப் பதிவு பண்ணத் தனிச் சட்டம் வந்தாச்சு. அப்புறம் 2010 செப்டம்பர்ல ஒரு அரசாணை. கல்லூரியில் முறையா படிச்சுப் பதிவு பெற்ற சித்தா, ஆயுர்வேதா, யுனானி, ஹோமியோபதி மருத்துவர்கள், தாங்கள் பெற்ற பயிற்சிக்கு ஏற்ப, தங்கள் முறையோட நவீன மருத்துவத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்னு. அலோபதி சங்கங்கள் கத்தினாங்க, சித்தா மாணவர்கள் பட்டாசு வெடிச்சாங்க. 2020 நவம்பர்ல ஆயுர்வேத அறுவை முதுகலை படிச்சவங்களுக்கு 58 வகை அறுவைகளைப் பட்டியல் போட்டு மத்தியக் கவுன்சில் அறிவிச்சப்போவும் இதே சண்டை. டிசம்பர் 11 அன்னிக்கு நாடு முழுக்க டாக்டர்கள் ஸ்டிரைக். அதே வருஷம் 1970 சட்டத்துக்குப் பதிலா புது ஆணையச் சட்டமும் வந்துடுச்சு.

பட்டம் இல்லாத பரம்பரை வைத்தியர்கள்? 2018 ஏப்ரல்ல கேரளப் பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை இழுத்துச் சாத்திடுச்சு. அங்கீகரிச்ச தகுதியும் பதிவும் இல்லாம வைத்தியம் பார்க்கிறது மக்கள் உயிரோட விளையாடுறதுன்னு.

சுருக்கமா, சட்டத்தின் பேச்சு பூரா 'உள்ளே யார், வெளியே யார்'. மருந்துக்காவது கொஞ்சம் வரையறை உண்டு. நாபி, எட்டி, சேராங்கொட்டை, ஊமத்தை, பாதரசம், தாளகம் மாதிரி நச்சுச் சரக்குகளுக்கு மருந்துச் சட்ட விதிகளில் தனிப் பட்டியல் இருக்கு. உள்ளுக்குச் சாப்பிடுற மருந்தில் இவை சேர்ந்தா 'மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடவும்'னு எச்சரிக்கை போடணும். மருந்து டப்பாவுக்கு இருக்கிற எல்லை மருந்து கொடுக்கிற மனுஷனுக்கு இவ்வளவு தெளிவா இல்ல.

* * *

மத்த ஊர்ல எப்படி? சிங்கப்பூர்ல சீன மருத்துவர்களுக்கு 2000ல் சட்டம் போட்டாங்க. முதல்ல அக்குபங்சர்காரங்க, அப்புறம் மூலிகை மருத்துவர்கள்னு படிப்படியா பதிவு. பதிஞ்சவர் இங்கிலீஷ் மருந்து கொடுக்கக் கூடாது. ஹாங்காங்ல 1999 சட்டம், 31 நச்சு மூலிகைகளைப் பட்டியல் போட்டு, சீன மருத்துவர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு சொல்லுது. இலங்கையில் 1961 ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் எலும்பு முறிவு, விஷக்கடி, கண் மாதிரி குறிப்பிட்ட துறைக்கு மட்டும் பரம்பரை வைத்தியரைப் பதியற வழக்கம் இருக்கு. மலேசியாவில் 2016 சட்டம், மலாய், சீன, இந்திய மரபு மருத்துவங்களை ஒரே கூரைக்குள்ள கொண்டு வந்தது.

எனக்குப் பிடிச்சது சீனாவே 2017 ஜூலையில் கொண்டு வந்தது. குருகிட்ட கத்துக்கிட்டவரோ நீண்ட அனுபவம் உள்ளவரோ, குறைஞ்சது ரெண்டு சீன மருத்துவர் பரிந்துரையோட மாகாண அளவில் செய்முறைச் சோதனைக்குப் போகலாம். தேறினா உரிமம். ஆனா என்ன முறையில், எந்த எல்லைக்குள் வைத்தியம் பார்க்கலாம்ங்கிறதையும் சேர்த்தே பதிவாங்க. ஆளை வெளியே தள்ளவும் இல்ல, அவிழ்த்து விடவும் இல்ல.

இதைப் படிச்சதும்தான் தாத்தா நோட்டை எடுத்துட்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

* * *

அத்தை எங்க அப்பாவுக்கு மூத்தவங்க. கொரட்டூர்ல இருக்காங்க. அவங்க வயித்தில் நடுவுல நீளமா ஒரு தையல் தழும்பு. சின்ன வயசுல ஆபரேஷன்னு மட்டும் எங்களுக்குத் தெரியும். அதுக்கு மேல வீட்டில் யாரும் பேச மாட்டாங்க. கேட்டேன். முதல்ல 'அதெல்லாம் எதுக்குடா இப்போ'ன்னாங்க. நோட்டைக் காட்டினதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க.

"எழுபத்தி மூணுடா. எனக்குப் பதினாலு வயசு. காய்ச்சல். எங்கப்பா கஷாயம் கொடுத்தாரு. எறங்கும், மறுபடி ஏறும். பக்கத்து வீட்டு கம்பவுண்டர் சொன்னாரு, டைபாய்டு மாதிரி இருக்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு. இவருக்குக் கோவம். ஊருக்கே நான் வைத்தியம் பாக்கறேன், எம் பொண்ணை நான் ஆஸ்பத்திரியில போடுவேனான்னாரு. பதினாறு நாள். பதினேழாம் நாள் வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு அதுக்கு மேல ஞாபகம் இல்ல. டாக்ஸி வெச்சுத் தூக்கிட்டு ஓடினாங்களாம்."

குடலில் ஓட்டை. மூணாவது வாரத்தில் டைபாய்டு செய்யற வேலை. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அறுத்து, சுத்தம் பண்ணி, தைச்சு, நாப்பது நாள் வைச்சிருந்து காப்பாத்தி அனுப்பினாங்க. 1925ல் தாத்தா மாதிரி ஆட்களை அங்கீகரிக்கணும்னு ஆரம்பிச்ச அதே வளாகம்.

"உங்களுக்கு அவர் மேல கோவமே இல்லையா அத்தை?"

"இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. ஆனா அவரு வார்டு வாசல்ல நாப்பது நாளும் உக்காந்திருந்தாரு. உள்ள வரல. அப்புறம் ஒரு நாள் வீட்டுல இந்த நோட்டை எழுதிட்டு இருந்தாரு. என்னப்பா எழுதறீங்கன்னேன். நான் எங்க நிக்கணும்னு எழுதறேன்மான்னாரு."

நோட்டின் முதல் பக்கம் அதுதான். பென்சில் எழுத்து, எழுத்துப் பிழையோட. நான் பிழையைத் திருத்திப் போடுறேன்:

காய்ச்சல் அஞ்சு நாள் தாண்டினால் கீழ்ப்பாக்கம்.
வயிறு இறுகினால் அன்றே கீழ்ப்பாக்கம், பொடி கூடக் கொடுக்காதே.
கண்ணில் இரும்புத் தூள், தொடாதே, எழும்பூர் கண் ஆஸ்பத்திரி.
எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் கட்டாதே.
கர்ப்பிணிக்கு ரசம் சேர்ந்த மருந்து கிடையாது.
நெஞ்சு வலியோடு வேர்த்தால் பேசிக் கொண்டிருக்காதே.
ஊசி எவன் கேட்டாலும் போடாதே.
சொந்த வீட்டு ஆளுக்கு நீ வைத்தியன் இல்லை.

கடைசி வரிக்குக் கீழ ரெண்டு கோடு.

உஸ்மான் கமிட்டி, மத்தியக் கவுன்சில், உச்ச நீதிமன்றம், அரசாணைன்னு எத்தனையோ பேர் எழுதாம விட்ட பெர்மிஷன் பட்டியலை அஞ்சாங் கிளாஸ் படிச்ச ஒரு ஆள் எட்டு வரியில் எழுதி வைச்சிருக்கார். அதுக்கு விலை என் அத்தை வயித்துத் தழும்பு.

இதை வைச்சு 'பாரம்பரியம்னாலே டுபாக்கூர்'னு கும்மியடிக்க வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். தாத்தா அத்தைக்குக் கொடுத்தது நிலவேம்புக் கஷாயம். 2012ல் டெங்கு வந்தப்போ அரசே நின்னு ஊத்திக் கொடுத்தது நிலவேம்புக் குடிநீர்தான். அது டைபாய்டைக் கொல்லும்னு நான் சொல்லல. அந்த நாளில் டைபாய்டுக்கு இருந்த மருந்து குளோரம்பெனிக்கால். அதைக் கொடுக்கவும் தாத்தாவுக்கு உரிமை இல்ல, கொடுத்தும் இருக்கக் கூடாது. அவர் பண்ணின தப்பு கஷாயம் கொடுத்தது இல்ல. ஆறாம் நாள் டாக்ஸி பிடிக்காதது. இன்னொரு பக்கம், 'எல்லாம் சித்தர்கள் அன்னிக்கே சொல்லிட்டாங்க'ன்னு வாட்ஸப்பில் பத்து பேருக்கு அனுப்புறவங்களும் அந்த ரெண்டாவது வரியை ஒரு தரம் படிங்க.

1996 வழக்கு டாக்டர் அடுத்தவன் மருந்தைக் கையில் எடுத்துத் தப்பு பண்ணினார். எங்க தாத்தா தன் மருந்தைக் கீழே வைக்காம தப்பு பண்ணினார். சட்டம் முதல் தப்பைப் பத்தி நிறைய பேசுது. ரெண்டாவது தப்புக்கு அந்தத் தகரப் பலகையில் இடமே இல்ல.

1973க்கு அப்புறம் தாத்தா எத்தனையோ பேரை அனுப்பி வைச்சாராம். 'வைத்தியரு கையெழுத்துப் போட்ட சீட்டு'ன்னு எஸ்டேட் ஆளுங்க அதை எடுத்துட்டு அயனாவரம் ஈ.எஸ்.ஐ.க்குப் போவாங்களாம். அங்க அந்தச் சீட்டை யாரும் மதிச்சிருக்க மாட்டாங்க. ஆனா ஆள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துட்டான்ல.

பலகையைப் பழைய இரும்புக்குப் போடலாம்னு அம்மா சொன்னாங்க. வேண்டாம்னு துடைச்சு என் ரூம்ல மாட்டிட்டேன். நோட்டு அத்தைகிட்டயே இருக்கு. திருப்பித் தரலை, நானும் கேட்கலை.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஆர்.ஐ.எம்.பி. பலகையோ நோட்டோ இருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க. மருந்து செய்முறை மட்டும் கேட்டுடாதீங்க சாமி, எனக்கு ரசம் வைக்கவே வராது.